பால் ஒட்டு

பிப்ரவரி 11

விடிந்ததிலிருந்து பனி. மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிட்டு உள்ளே வந்தால், மருமகள் ஜிபார் லேப்டாப் முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாள். அடுப்பில் பால் விளிம்புக்கு வந்துவிட்டது. கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே ஒரு பானைப் பாலைப் பொங்கவிட்டவள்தானே இவள். நான் மறக்கவில்லை. இறக்கி வைத்தேன்.

"என்னடி, எழவு விழுந்த மாதிரி உக்காந்திருக்க?"

"ப்ரோகிராம்ல புதுசு வந்திருக்கு அபா. நம்ம ஒட்டு எல்லாத்தையும் திரும்ப முதல்லேர்ந்து ஒட்டணும்."

வம்சாவளி எழுதி வைக்கும் ப்ரோகிராம் அது. எங்கோ தூர தேசத்துக்காரர்கள் செய்து, எடுத்துக்கொள்ளுங்கள், பிரித்துப் பாருங்கள், வேண்டியபடி மாற்றிக்கொள்ளுங்கள் என்று சும்மா போட்டிருக்கிறார்களாம். சும்மா கொடுப்பவனை நான் நம்புவதில்லை. ஆனால் இதுவரை யாரும் எதுவும் கேட்டு வாசலுக்கு வரவில்லை.

ஒட்டு என்பது நான் வைத்த பெயர். அவள் பேட்ச் என்பாள். ப்ரோகிராமை முழுசாகத் திருப்பி எழுத மாட்டாளாம். எந்த வரி போக வேண்டும், எந்த வரி வர வேண்டும் என்று மட்டும் ஒரு சின்னத் துண்டில் தனியாக எழுதி வைத்துக்கொள்வாள். போக வேண்டியதற்குக் கழித்தல் குறி, வர வேண்டியதற்குக் கூட்டல் குறி. மேலே கொஞ்சம் கீழே கொஞ்சம் பக்கத்து வரிகள், அடையாளத்துக்கு. அதை வைத்துத்தான் ஒட்டு தன் இடத்தைக் கண்டுபிடிக்கும். நாலாம் வகுப்போடு நின்ற எனக்கே புரிந்துவிட்டது. அக்கம்பக்கத்தைச் சொன்னால் வீடு தெரியாதா?

தூர தேசத்தார் புதுசு விடும்போதெல்லாம் இவள் எல்லா ஒட்டையும் மறுபடி ஒட்டுவாள். அங்கே பக்கத்து வரிகள் மாறியிருந்தால் ஒட்டு இடம் தெரியாமல் திரும்பி வந்துவிடும். அதற்குத்தான் இன்றைக்குத் தலையில் கை.

எங்கள் மலை நாட்டு எழுத்துகள் ஒழுங்காகத் தெரிய ஒரு ஒட்டு. ஏழு தகப்பனுக்கு ஒரு ஒட்டு. ஏழு தலைமுறைக்குள் ஒரே தகப்பன் வந்தால் அந்தப் பெண்ணும் பையனும் சேரக் கூடாது என்பது அந்தத் தூர தேசத்தாருக்கு எங்கே தெரியும்? ஜிபார் ஒட்டியபிறகு தெரியும். இரண்டு பெயர் கொடுத்தால் பச்சைக் கோடு, இல்லையென்றால் சிவப்பு.

இந்தக் குளிர்காலம் முழுக்கப் பெண் கேட்கப் போகுமுன் பாதி ஊர் எங்கள் வாசலில்தான் செருப்பைக் கழற்றியது. வம்சத்தை ஞாபகத்திலிருந்து சொல்கிற வாய் என்னுடையது, அடிக்கிற விரல் அவளுடையது. புருஷன் வீட்டுப் பெரியவர்கள் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. சொல்லக் கூடாத பெயரையெல்லாம் விரலால் அடித்துத் தள்ளுகிறாள். விரலுக்குத் தடை உண்டென்று யாரும் சொல்லவில்லை.

பிப்ரவரி 14

என் மூத்த மகன் காதிரின் பையன் எலாமான், டவுனிலிருந்து, அட்-பாஷியிலிருந்து வந்தான். முதல் பேரன் பாட்டியிடம் வளர வேண்டும் என்பது வழக்கம். பெற்றவளைப் பெயர் சொல்லியும் என்னை அபா என்றும், அதாவது அம்மா என்றும், கூப்பிட்டே வளர்ந்தவன். சாப்பிடும்போது தனக்குத்தானே சிரித்துக்கொண்டான். பெண் விஷயம்தான்.

பிப்ரவரி 19

மாவு பிசைந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து குந்தினான்.

"அபா, துமார்னு ஒரு பொண்ணு. ஆஸ்பத்திரியில நர்ஸு."

"நர்ஸு இருக்கட்டும். எந்தத் துமார், யார் வீட்டுப் பொண்ணு?"

"ஷெர்னியாஸ் மக."

கை மாவிலேயே நின்றுவிட்டது. ஷெர்னியாஸ், ஜூராகானின் மகன். ஊரில் அத்தனை வீடு இருக்க அந்த வீடா?

ஜூராகானை நான் மறக்க மாட்டேன். அந்தக் குளிர்காலம் மேலே மலையில் எங்கள் இரண்டு குடும்பம் மட்டும். அவளுக்கு ஷெர்னியாஸ் பிறந்தான். பிறந்த கையோடு அவளுக்குக் காய்ச்சல், நினைவே தப்பிவிட்டது. மந்தையோடு போன ஆண்கள் பனியில் அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டார்கள். என் காதிர் தத்தித் தத்தி நடக்கிற வயது. எனக்கு மார் அந்த இலையுதிர் காலத்திலேயே வற்றிவிட்டது. ஒற்றைக் கொம்பு வெள்ளாடு ஒன்று இருந்தது. அதைக் கறந்து, சூடாக்கி, துணியில் நனைத்து, சொட்டுச் சொட்டாக அந்தக் குழந்தையின் வாயில் விட்டேன். அவள் கண் விழித்தபோது பிள்ளை கொழுகொழுவென்று கிடக்கிறான். என்ன சொன்னாள்? "என் மகன் அதிர்ஷ்டக்காரன்." அவ்வளவுதான். அதிர்ஷ்டமாம்.

அந்த அதிர்ஷ்டக்காரன் கல்யாண விருந்தில், கறி பங்கு வைக்கும்போது எனக்கு வந்தது சின்னக் கால் எலும்பு. நேற்று வந்த மருமகளுக்கு வைக்கிற எலும்பு. என்னைவிட இளையவளுங்க பெரியவர்களுக்கு வைக்கிற இடுப்பெலும்பைக் கடித்துக்கொண்டிருந்தாளுங்க. ஜூராகான் என் தட்டைப் பார்த்தாள். பார்த்துவிட்டு டீ ஊற்றப் போய்விட்டாள்.

"அபா? ஏதாவது சொல்லுங்க."

"மாவு புளிக்கட்டும்" என்றேன்.

பிப்ரவரி 20

ஜிபார் இரண்டு பெயரையும் கொடுத்துப் பார்த்தாள். ஒரு தகப்பன்கூடச் சேரவில்லை. பச்சை.

"பாருங்க அபா, பச்சப்பசேல்னு! வசந்தத்துல புல்லு மாதிரி!"

அப்போதுதான் அந்தக் கேள்வி வாயிலிருந்து வந்தது. எங்கிருந்து வந்தது? நானே தேடி எடுத்தேன். வேறு எங்கிருந்து வரும்.

"ஏண்டி, இது பாலை எண்ணுமா?"

"எந்தப் பால்?"

"ஒரே மாரில் குடிச்ச பிள்ளைங்க உடன்பிறப்புதானே. அதுங்களுக்குள்ள கல்யாணம் கிடையாதே. அது உன் பெட்டிக்குத் தெரியுமா?"

ஜிபார் எழுந்தே நின்றுவிட்டாள். "அபா! இது எனக்கு ஏன் தோணல? அதுல பெத்த அம்மாவுக்கு இடம் இருக்கு, தத்தெடுத்த அம்மாவுக்கு இடம் இருக்கு. பால் அம்மாவுக்கு இடமே இல்ல. நான் ஒட்டுப் போடுறேன்!" கன்னத்தில் முத்தம் கொடுத்தாள்.

"எத்தன தலைமுறைக்கு எண்ணணும்?"

இது ஊருக்கு ஊர் மாறும். குடித்தவர்களோடு நின்றுவிடும் என்பவர்களும் உண்டு. "ரத்தம் எப்படியோ அப்படி. ஏழு" என்றேன்.

பிப்ரவரி 23

பால் ஒட்டு முடிந்தது. வெள்ளையாக ஒரு கோடு, தாயிலிருந்து பிள்ளைக்கு. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

"சொல்லுங்க அபா, யார் யாருக்கு யார் பால் கொடுத்தாங்க?"

சொன்னேன். உண்மையான உண்மை, என் மனதில் கல்லில் வெட்டியது போல இருப்பது. எஷிம் கிழவர் கைக்குழந்தையாக இருந்தபோது அவர் அம்மாவுக்குப் பாலில்லாமல், ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் பாலிம் என்பவளிடம் குடித்தது. கொல்லன் வீட்டு இரட்டைப் பிள்ளைகள். இன்னும் சில.

"அப்புறம்?"

அப்புறம் என் நாக்கு சொன்னது. "ஷெர்னியாஸ். அவன் அம்மா காய்ச்சலில் கிடந்தபோது. என் மாரில்."

ஜிபாரின் விரல் நின்றது. "உங்ககிட்டயா அபா?"

"என்கிட்டதான்."

"சாட்சி யார்னு ஒரு இடம் வச்சிருக்கேன். யார் பேரைப் போடட்டும்?"

"நான்தான் பாலும், நான்தான் சாட்சியும். போடு."

போட்டாள். இந்த ஊரில் என் ஞாபகத்தைக் கேள்வி கேட்டவர் கிடையாது. ஒரு தடவைகூட நான் தப்பாகச் சொன்னதில்லை. அதனால்தான் போட்டாள்.

ஆட்டுக்கும் மாருக்கும் நடுவே ஒரே ஒரு வார்த்தைதான். ஒரு வரியை எடுத்து ஒரு வரியைப் போட்டேன். அக்கம்பக்கத்து வரியெல்லாம் நிஜம். பனி நிஜம், காய்ச்சல் நிஜம், துணி நிஜம். அதனால்தான் இவ்வளவு சுத்தமாக ஒட்டிக்கொண்டது.

பிப்ரவரி 25

சிவப்பு. எலாமான் நின்றுகொண்டே பார்த்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அப்ப துமார் எனக்கு..."

"தங்கச்சி முறை."

கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், தேவலையாக இருந்திருக்கும். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் அபா" என்று சொல்லிவிட்டுக் குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போனான். குதிரைக்கு நான் அப்போதுதான் காட்டியிருந்தேன்.

மார்ச் 1

ஜிபார் பால் ஒட்டை உலகத்துக்குக் கொடுத்துவிட்டாளாம். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று. தலாஸில் ஒருத்தர் எடுத்துத் தன் ஊருக்கு ஒட்டிக்கொண்டாராம். கஸாக்குகளில் ஒருத்தி நன்றி எழுதியிருக்கிறாள்.

"ஒவ்வொரு ஒட்டுத் தலையிலயும் யார் செஞ்சது, யார் சொல்லிச் செஞ்சதுன்னு எழுதணும் அபா. உங்க பேரையும் போட்டுட்டேன்."

சாகிஷ். இந்தப் பெயரை அவள் வாயால் ஒரு நாளும் சொன்னதில்லை, சொல்லவும் கூடாது. விரலால் அடித்து உலகம் முழுக்க அனுப்பிவிட்டாள். முன்பென்றால் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன். இன்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். குளிர் என்று சொன்னேன்.

"ஷெர்னியாஸ் பேரும் போச்சா அதோட?" என்று கேட்டேன்.

"சேச்சே. போறது வழிமுறை மட்டும்தான். யார் யாரிடம் குடிச்சாங்கங்கிறது நம்ம பெட்டியோட."

நம் பெட்டியோடு.

மார்ச் 5

எலாமான் சாப்பிடவில்லை. ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் அடுக்கி வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மார்ச் 8

பெண்கள் தினம். ஜிபாருக்கு அவள் புருஷன், என் சின்ன மகன், லாரியில் போகிற வழியிலிருந்து பூ அனுப்பியிருந்தான். எனக்கு ஒரு பெட்டி மிட்டாய்.

மத்தியானம் நாய் குரைத்தது. எட்டிப் பார்த்தால் ஜூராகான். கையில் துணி மூடிய தட்டு. சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்து முக்காட்டை இழுத்துக் கட்டிக்கொண்டேன். சண்டை எனக்குப் பழக்கம்.

உள்ளே வந்தவள் பேசவில்லை. என் முன்னால் மண்டி போட்டாள். அந்த முழங்கால் மடங்காது என்று ஊருக்கே தெரியும். மடக்கினாள்.

"சாகிஷ் அக்கா. ஊர்ல சொன்னாங்க. நான் நம்பல. அப்புறம் யோசிச்சேன். கண்ணு முழிச்சப்ப பிள்ளை கொழுகொழுன்னு இருந்தானே, எப்படி? அதிர்ஷ்டம்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன், முட்டாள். உங்க மார்ல இருந்ததை அதிர்ஷ்டம்னு சொல்லிட்டேன்."

துணியை விலக்கினாள். இடுப்பெலும்பு. கறியோடு, சூடாக, எண்ணெய் மினுமினுக்க. பக்கத்தில், பெரியவளுக்கு மரியாதையாகக் கட்டுகிற வெள்ளைத் தலைத்துண்டு, மடித்து.

"அன்னிக்கு விருந்துல உங்க தட்டுல என்ன எலும்பு விழுந்துச்சுன்னு நான் பார்த்தேன் அக்கா. மாத்தியிருக்கணும். வெக்கப்பட்டுட்டுப் போயிட்டேன். இத்தன வருஷமா உங்க முகத்தைப் பாத்தாலே அந்த எலும்புதான் ஞாபகம் வரும். பால் அம்மாவுக்கு அந்த எலும்பு!"

வெள்ளைத் துண்டை என் தலையில் அவளே கட்டினாள். கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"பேத்தி அழுவுறா. ஆனா நான் சொல்லிட்டேன், உன் அப்பன் உசுரோட இருக்கறதே அந்த அம்மாவாலதான், அழாதேன்னு." சிரித்தாள். பல் போன சிரிப்பு. "சாப்பிடுங்க அக்கா, ஆறிடும்."

சாப்பிட்டேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் சாப்பிட்டேன்டி. அந்த எலும்பை நான் சாப்பிட்டேன். எத்தனை வருஷம் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன் அதை.

மார்ச் 9

வெள்ளைத் துண்டைத் துணிப் பெட்டியில் வைத்தேன். ஜிபார், "கட்டிக்கலையா அபா?" என்றாள். தலை வலிக்கிறது என்றேன்.

மார்ச் 14

எஷிம் கிழவர் வந்தார். பால் ஒட்டைப் பார்த்துவிட்டுத் தன் பேரனின் காரில் ஏறி ஆற்றுக்கு அந்தப் பக்கம் போயிருக்கிறார். பாலிமின் மகள் உயிரோடு இருக்கிறாளாம். "எங்கம்மா உன்னப் பத்திச் சொல்லியிருக்கா, எங்க போய்த் தொலஞ்ச இவ்வளவு நாளா" என்று திட்டினாளாம். இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்களாம்.

"கூடப் பொறந்தவங்க யாருமில்லாம சாகப் போறேன்னு நினைச்சேன். தங்கச்சி கிடைச்சுட்டா. திட்டுறதுக்கு ஒரு தங்கச்சி!" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "உங்க ஞாபகத்துக்கு ஆண்டவன் ஆயுசு கொடுக்கட்டும்."

என் ஞாபகத்துக்கு. நல்லவேளை, மனசுக்கு என்று சொல்லவில்லை.

மார்ச் 21

நூருஸ், எங்கள் வருஷப் பிறப்பு. ஊரே கோதுமைக் கஞ்சி கிண்டியது. கிண்டும்போது வேண்டிக்கொள்ள வேண்டும். எல்லாரும் கரண்டியைப் பிடித்துக் கண்ணை மூடினார்கள். நான் கரண்டியைப் பிடித்தேன். கேட்க வாய் வரவில்லை. என்ன கேட்பது? நான் சொன்னதை இல்லையென்று ஆக்கு என்றா?

வேலிப் பக்கம் துமார் நின்றாள். நான் அதைச் சொன்னதற்குப் பிறகு நேருக்கு நேர் இன்றுதான் பார்த்தேன். ஒல்லிப் பெண். என்னிடம் வந்து, "பால் பாட்டி, நூருஸ் வாழ்த்து" என்று குனிந்து என் கையை நெற்றியில் வைத்துக்கொண்டாள். கண் வீங்கியிருந்தது.

திரும்பி வந்ததும் எலாமான் சொன்னான்: "மாசக் கடைசியில ரஷ்யாவுக்குப் போறேன் அபா. எகதெரின்பர்க்ல மாட்டுப் பண்ணையில வேலை இருக்காம்."

"எப்ப திரும்புவ?"

"தெரியல. இங்க இருந்தா ஆஸ்பத்திரி வழியாத்தான் தினம் போகணும்."

மார்ச் 24

தூர தேசத்தார் மறுபடி ஏதோ சரி செய்து புதுசு விட்டிருக்கிறார்கள். ஜிபார் காலையில் ஒட்டிப் பார்த்தாள். எழுத்து ஒட்டு ஒட்டியது. ஏழு தகப்பன் ஒட்டு கொஞ்சம் தள்ளி ஒட்டியது. பால் ஒட்டு திரும்பி வந்துவிட்டது.

"அம்மா அப்பா வர்ற இடத்தையே மாத்திட்டாங்க அபா. அக்கம்பக்கமே இல்ல. நிராகரிச்சுடுச்சு."

ஆண்டவனே கழற்றி எறிந்துவிட்டான் என்றே நினைத்தேன். யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். வாயைத் திறக்க வேண்டாம்.

"விட்டுடு ஜிபார். நமக்கு எதுக்கு அது? ரத்தம் போதும். ஒட்டாததை வம்பா ஒட்டாதே."

அவள் திரும்பிப் பார்த்தாள். "நீங்களா சொல்றீங்க? பாதி ஊரு உக்காந்து பால் கோடு போட்டிருக்கு. எஷிம் தாத்தா கோட்டை என்ன பண்றது?"

"அது போனா எல்லாமே போயிடும்தானே? ஷெர்னியாஸும்?"

"எதுவும் போகாது அபா. ஒட்டுங்கறது காட்டுறதுக்கும் எண்ணுறதுக்கும்தான். நீங்க சொன்னது உள்ளயே இருக்கும். ஒட்டு இல்லன்னா தெரியாது, அவ்வளவுதான். தெரியலங்கிறதால இல்லாம போயிடாது."

அப்புறம் லேப்டாப்பை மூடினாள். மூடிவிட்டு, மெதுவாகக் கேட்டாள். "சொன்னதையே எடுக்கணும்னா, சொன்னவங்கதான் எடுக்கணும். எடுக்கணுமா அபா?"

தெரிந்துவிட்டது அவளுக்கு. எப்போதிலிருந்து? மாட்டுக்குத் தண்ணீர் வைக்க வேண்டும் என்று எழுந்து வந்துவிட்டேன். அவளும் விடவில்லை, தொழுவத்து வாசல் வரை வந்து நின்றாள். பிறகு, "நான் ஒட்டைத் திருத்தி எழுதுறேன். எஷிம் தாத்தாவுக்காக" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பாலைப் பொங்கவிட்டதற்காக அவளை இத்தனை நாள் ஏசினேன். இன்று அந்தக் கணக்கை விட்டுவிடுகிறேன்.

மார்ச் 26

ஜூராகான் வீட்டுக்குப் போனேன். வெள்ளைத் துண்டைச் சட்டைக்குள் மடித்து வைத்துக்கொண்டு. தெருவில் பார்த்தவர்கள் எல்லாரும் பால் அம்மா எங்கே கிளம்பிவிட்டாள் என்றார்கள்.

"வாங்க அக்கா, வாங்க! மேல உக்காருங்க!" என்று வாசலுக்கு எதிரே, பெரியவர்கள் இடத்தைக் காட்டினாள். நான் கதவுப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன்.

"நான் கொடுக்கல."

"என்னத்தைக் கொடுக்கல?"

"பால். எனக்கு அப்ப மார் வத்திப்போச்சு. வெள்ளாட்டுப் பால்தான் விட்டேன். துணியில நனைச்சு."

ஜூராகான் டீக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"ஒத்தக் கொம்பு ஆடா?"

"ஆமா."

"அதை நாம வசந்தத்துல அறுத்துத் தின்னோமே!"

"ஆமா."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா தெரியவில்லை. இரண்டும்தான். பிறகு கையை எடுத்தபோது முகம் வேறாக இருந்தது.

"எதுக்கு? ஒரு எலும்புக்கா?"

"எலும்புக்குத்தான்."

"சண்டை போட்டிருக்கலாம்ல! அன்னிக்கே தட்டைத் தூக்கி என் மூஞ்சில வீசியிருக்கலாம்ல! நான் மாத்தி வச்சிருப்பேன், ரெண்டு பேரும் மயிரைப் பிடிச்சுக்கிட்டு உருண்டிருப்போம், முடிஞ்சிருக்கும். உன் நாக்குல வந்தா அது கல்லுல வெட்டினதுன்னு சொல்லுவாங்களே. அதையா எடுத்துட்டு வந்து என் பேத்தி கழுத்துல கட்டின?"

அக்கா போய் நீ ஆகிவிட்டது. எனக்கு அதுதான் சரியாகப் பட்டது.

"ஆட்டுப் பாலைச் சொல்லியிருந்தாலும் நான் மண்டி போட்டிருப்பேன்டி" என்றாள். "அதையும் சொல்லல நீ. ஒரு நாளும் சொல்லல. நான் கண்டுபிடிக்கணும்னு காத்துக்கிட்டிருந்த."



துண்டை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. "அங்க வை. போ."

வைத்துவிட்டு வந்தேன். துமார் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருப்பாள். என்னைத் தாண்டி, தலைத்துண்டுகூடக் கட்டாமல், தெருவில் ஓடினாள். எங்கள் வீட்டுப் பக்கமாகத்தான்.

மார்ச் 27

எலாமானிடமும் என் வாயாலேயே சொன்னேன். துமார் சொல்லிவிட்டாள் என்பதற்காக நான் சொல்லாமல் இருக்கக் கூடாது.

கடைசி வரை கேட்டான். பெட்டியிலிருந்து துணிகளை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தான். ஒவ்வொன்றாக.

"சரி பாட்டி" என்றான்.

பாட்டி. பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட அவன் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

மார்ச் 30

ஜிபார் பால் ஒட்டைப் புது இடத்துக்கு ஏற்றபடி எழுதிவிட்டாள். கூடவே இன்னொரு சின்ன ஒட்டு. ஒருவர் மட்டும் சொன்ன பால் உறவு புள்ளிக் கோடாகத்தான் தெரியும், கல்யாணத்தைத் தடுக்காது. இரண்டாவது சாட்சி வந்தால்தான் முழுக் கோடு. எஷிமின் கோடு முழுசாகவே நின்றது, அந்தப் பக்கத்துத் தங்கச்சி சாட்சி. என்னுடையதை நான் சொல்லச் சொல்ல அவள் அழித்தாள். புள்ளிகூட இல்லாமல்.

"இதையும் எல்லாருக்கும் கொடுக்கணும் அபா. தலாஸ்காரரும் இதை ஒட்டிக்கணும். எதுக்காகச் செஞ்சோம்னு தலையில காரணம் எழுதணும். என்ன போடட்டும்?"

"மாமியார்க்காரி பொய் சொன்னதாலன்னு போடு."

"அபா!"

"முன்னாடி என் பேரைப் போட்ட இல்ல? இதுக்கும் என் பேரைத்தான் போடணும்."

பிறகு அடித்ததை எனக்குப் படித்துக் காட்டினாள்: "சாகிஷ் கேட்டுக்கொண்டபடி. ஒருவர் ஞாபகம் மட்டும் போதாது என்பதால்."

இதைவிட, 'பொய் சொன்னாள்' என்றே போட்டிருக்கலாம். போடட்டும். அனுப்பிவிட்டாள்.

ஊருக்குத் தெரிந்துவிட்டது. பெயர் பார்க்க வருகிறவர்கள் இப்போது என்னிடம் கேட்டுவிட்டு, "வேற யாருக்காவது தெரியுமா பாட்டி?" என்றும் கேட்கிறார்கள்.

ஏப்ரல் 18

பெண் கேட்கப் போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை. ரொட்டி சுட்டுக் கொடுத்தேன். எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஜூன் 15

நேற்று கல்யாணம். வானம் கழுவி விட்டது போல இருந்தது.

எலாமான் என்னைக் காரிலிருந்து கைபிடித்து இறக்கினான். "பார்த்து பாட்டி, பள்ளம்" என்றான். இன்னும் பாட்டிதான். கையை மட்டும் வாசல் வரை விடவில்லை.

கறி பங்கு வைக்கிற நேரம் வந்தது. நான் கதவோரமாக உட்கார்ந்துகொண்டேன். ஜூராகான் பங்கு வைக்கிற பையனிடமிருந்து தட்டைப் பிடுங்கிக்கொண்டு தானே வந்தாள்.

என் முன்னால் வைத்தாள். சின்னக் கால் எலும்பு.

"சரியா இருக்கா?" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி.

"சரியாத்தான் இருக்கு" என்றேன்.

"இல்லன்னா இப்பவே தட்டைத் தூக்கி வீசு. மனசுல வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போகாத."

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. போய் டீ ஊற்றினாள். முதல் கிண்ணம் எனக்கு இல்லை, மூன்றாவதோ நான்காவதோதான் வந்தது.

எலும்பைக் கையில் எடுத்தேன். அந்த எலும்பில் வழக்கமாகக் கறியை வழித்துவிட்டுத்தான் வைப்பார்கள், மருமகள்களுக்கு என்ன அவ்வளவு என்று. இதில் யாரும் கத்தியே வைக்கவில்லை. முழங்காலிலிருந்து கீழே வரை கறி அப்படியே இருந்தது.

சுத்தமாகச் சாப்பிட்டேன். எலும்பைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறேன்.